முதல் வெல்டிங் மெஷின் வாங்கப் போகிறேன்: 200 ஆம்பா, 400 ஆம்பா?

தக்காளிக்காரன்

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை போகிற வழியில் எங்கள் ஊர். இரண்டரை ஏக்கர், பெரும்பாலும் தக்காளி. ஏழு ஆடு இருக்கிறது. கேட் கீல் விட்டுப்போச்சு, டிரெய்லர் கதவு ஆடுது, சொட்டுநீர் ஃபில்டருக்கு ஸ்டாண்ட் வேணும் என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது இரும்பைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடுகிறேன். அங்கே போனால் "வச்சுட்டுப் போ, நாளைக்குப் பார்க்கலாம்". அந்த நாளை வருவதே இல்லை. இப்போது ஆட்டுக்கொட்டகை வேறு போட வேண்டும். சரி, நாமே ஒரு மெஷின் வாங்கிவிடலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

கடையில் மூன்று காட்டினார்கள். 200 என்று எழுதிய சின்ன இன்வெர்ட்டர் ஒன்று (எலக்ட்ரானிக் போர்டு வைத்த வெல்டிங் மெஷின், கரண்ட் போனால் ஓடும் வீட்டு இன்வெர்ட்டர் இல்லை). 400 என்று எழுதியது ஒன்று, அதற்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் கூடுதல். மூன்றாவது மிக், டிக், ஆர்க் (ராடு வைத்து அடிப்பது) என்ற மூன்று வகை வெல்டிங்கும் ஒரே பெட்டியில். எல்லாம் சேர்த்து 15,000 வரை செலவு பண்ண முடியும். இதுவரை ராடு பிடித்ததே இல்லை. எதை வாங்க?

காரிமங்கலம் பட்டறை

தம்பி, இந்த இன்வெர்ட்டர் டப்பா எல்லாம் விளையாட்டுச் சாமான். என் பட்டறையில் 98ல் வாங்கிய ஆயில் மெஷின், எண்ணெயில் மூழ்கிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ரகம், இன்னும் ஓடுகிறது. காப்பர் வைண்டிங். நடுவில் ஒரே ஒரு தடவை ஆயில் மாற்றினேன், அவ்வளவுதான். இன்வெர்ட்டரில் போர்டு போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். செகண்ட் ஹேண்டில் நல்ல ஆயில் மெஷின் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கு.

ஓசூர் ஷிப்ட்

பட்டறை அண்ணா, உங்கள் மெஷின் இரண்டு பேஸில் 415 வோல்ட்டில் ஓடுகிறது. எடை நூறு கிலோவைத் தொடும். அவருக்குத் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி வேண்டும்.

தக்காளிக்காரரே, மெஷின் பேச்சை அப்புறம் பார்க்கலாம். முதலில் மூன்று கேள்வி. எவ்வளவு கனமுள்ள இரும்பு? எந்த இடத்தில் வைத்து வெல்டு அடிப்பீர்கள்? அந்த இடத்தில் கரண்ட் எப்படி?

தக்காளிக்காரன்

கொட்டகைக்கு ஒன்றேகால் இஞ்ச் ஸ்கொயர் டியூப், 1.6 மில்லி கனம். ஸ்டாண்டுக்கு 35க்கு 5 எல் ஆங்கிள். அதைவிடக் கனமாக எதுவும் இருக்காது, டிரெய்லரில் ஏதாவது வந்தால் உண்டு.

வேலை எல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில். வீட்டு லைன் சிங்கிள் பேஸ். கிணற்றடியில் மோட்டாருக்கு மூன்று பேஸ் இருக்கிறது. அங்கேயே இரண்டு பேஸ் எடுத்து ஆயில் மெஷின் போட்டுக்கொள்ளலாமா? கரண்ட் பில்லும் வராதே.

மாந்தோப்பு

பில் வராது, வேறு ஒன்று வரும். விவசாய இலவச மின்சாரம் பம்பு செட்டுக்குக் கொடுத்தது. அதில் வெல்டிங் போட்டுப் பிடிபட்டால் அபராதம், இணைப்புத் துண்டிப்பு என்று போகும். ஒரு கேட் கீலுக்காகக் கிணற்று கரண்டைப் பணயம் வைக்காதீர்கள்.

(கிருஷ்ணகிரி பக்கம் எனக்கு மாந்தோப்பு. நானும் மூன்று வருடமாகச் சொந்த மெஷின் வைத்துச் சில்லறை வேலை பார்க்கிறேன். தொழில்முறை ஆள் இல்லை.)

ஓசூர் ஷிப்ட்

அந்த "400" பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் முகப்பில் பெரிசாக எழுதியிருப்பது மாடல் பெயர். அது ஆம்ப் கிடையாது. மெஷினைத் திருப்பிப் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள்.

ராடு மெஷினுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆம்பை 0.04ஆல் பெருக்கி 20 கூட்டினால் அந்த ஆம்பில் வில் (ராடு நுனியில் எரியும் ஆர்க்) எரிய வேண்டிய வோல்ட் வரும். 200 ஆம்புக்கு 28 வோல்ட். 200ஐ 28ஆல் பெருக்கினால் 5,600 வாட். மெஷினுக்குள் போகிற நஷ்டத்தையும் சேர்த்தால் சுவரிலிருந்து ஆறரை கிலோவாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 28 ஆம்புக்குக் குறையாது. 400 ஆம்ப் என்றால்? 36 வோல்ட், 14,400 வாட், அறுபது ஆம்புக்கு மேல். வீட்டு சிங்கிள் பேஸில் அது நடக்கிற காரியமா? ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து ஸ்டிக்கர் வாங்குவதுதான் மிச்சம்.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். 1.6 மில்லி டியூபுக்கு 12 நம்பர் ராடு, அதாவது 2.5 மில்லி, 55 முதல் 65 ஆம்ப் போதும். 5 மில்லி ஆங்கிளுக்கு 10 நம்பர், அதாவது 3.15 மில்லி, 110 முதல் 120. ஆக, உங்கள் வாழ்க்கையில் 130ஐத் தாண்டப் போவதில்லை. உண்மையான 160 ஆம்ப் மெஷினே தாராளம். உண்மையான 200 கிடைத்தால் நல்லது.

ஊத்தங்கரை வெயில்

"உண்மையான" என்ற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஆன்லைனில் ஆஃபர் என்று ஒரு மெஷின் வாங்கினேன். ஏப்ரல் மாதம், தகரக் கூரைக்குக் கீழே வேலை. மூன்று ராடு எரிப்பேன், மஞ்சள் விளக்கு எரிந்துவிடும். காற்றாடி மட்டும் ஓடும், வில் பிடிக்காது. பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி மூன்று ராடு. பழுது என்று நினைத்து சர்வீஸ் கேட்டால், பக்கத்தில் ஆளே இல்லை, கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிப் பார்த்தேன். பழுது எதுவும் இல்லை, அதன் தகுதியே அவ்வளவுதான் என்று திரும்பி வந்தது.

அப்புறம்தான் டூட்டி சைக்கிள் என்றால் என்னவென்று படித்தேன். தகட்டில் எக்ஸ் என்று போட்டு விழுக்காடு எழுதியிருக்கும். 200 ஆம்புக்கு 60 விழுக்காடு என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் எரிக்கலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். அதே மெஷினை 155 ஆம்பில் வைத்தால் நிறுத்தாமல் எரிக்கலாம். 200க்கு 20 விழுக்காடு என்று இருந்தால் நிறுத்தாமல் எரிக்க 90 ஆம்ப்கூட வராது. என்னுடையதில் அந்தக் கட்டமே காலி! இந்தக் கணக்கெல்லாம் 40 டிகிரி வெப்பத்துக்குப் போடுவது. எங்கள் ஊர் வெயிலில் தகரத்துக்குக் கீழே எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தக்காளிக்காரன்

நாளைக் கடைக்குப் போய்த் தகட்டைப் படம் எடுத்து வருகிறேன். அண்ணா, கரண்ட் எப்படி என்று கேட்டீர்களே. பகலில் நன்றாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் பல்பு கொஞ்சம் மங்கும். எங்கள் வீடு லைனில் கடைசிக்கு முந்தைய வீடு.

ஓசூர் ஷிப்ட்

அந்தக் கடைசி வரியை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஒரு வேலை செய்யுங்கள். மல்டிமீட்டர் இருக்கிறதா? சாயங்காலம் ஏழு மணிக்கு ஷெட் பிளக்கில் வோல்ட் பாருங்கள். பிறகு அதே போர்டில் வெந்நீர் போடும் ஹீட்டர் ராடைப் பக்கெட் தண்ணீரில் வைத்து ஓட விட்டு மறுபடி பாருங்கள். சும்மா இருக்கும்போது காட்டுகிற வோல்ட்டை நம்பாதீர்கள், பாரம் ஏற்றினால்தான் வண்டியின் லட்சணம் தெரியும். தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

தக்காளிக்காரன்

பார்த்தேன். சும்மா 204. ஹீட்டர் (1,500 வாட்) போட்டதும் 191. பையன் மீட்டர் போர்டிலும் பார்க்கலாம் என்றான். அங்கே ஹீட்டர் ஓடும்போது 199.

ஓசூர் ஷிப்ட்

பையனுக்கு ஒரு சபாஷ். அவன் செய்ததுதான் முக்கியமான வேலை.

13 வோல்ட் இறங்கியது. அதில் 5 வோல்ட் தெருவில், 8 வோல்ட் உங்கள் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில். அந்த ஹீட்டர் இழுத்தது ஐந்தரை ஆம்ப்கூட இல்லை. 80 ஆம்பில் வெல்டு அடிக்கும்போது மெஷின் சுவரிலிருந்து 13, 14 ஆம்ப் இழுக்கும். அப்போது ஷெட்டில் 170 வோல்ட்தான் நிற்கும். நிறைய மெஷின்கள் 230க்குப் பதினைந்து விழுக்காடு மேலே கீழே தாங்கும், அதாவது 195 வரை. அதற்குக் கீழே வில் அணைந்து அணைந்து எரியும், ராடு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் "எனக்குக் கை வரவில்லை" என்று நினைத்துக்கொண்டு மெஷினை மூலையில் போட்டுவிடுவீர்கள்.

ஷெட்டுக்கு என்ன வயர் போயிருக்கிறது?

தக்காளிக்காரன்

ஒரு சதுர மில்லி வயர். முப்பது மீட்டர் இருக்கும். நடுவில் மூன்று இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. அப்பா காலத்தில் ஒரு குண்டு பல்புக்காகப் போட்டது.

மாந்தோப்பு

ஹா ஹா. குண்டு பல்பு வயரில் 400 ஆம்ப் மெஷின்!

ஓசூர் ஷிப்ட்

விடை கிடைத்துவிட்டது. முதலில் வயர் வாங்குங்கள். மெஷின் அப்புறம். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லி காப்பர், நடுவில் ஜாயிண்ட் இல்லாமல். கூடவே எர்த் வயர். 32 ஆம்ப் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), அதற்கேற்ற இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள், மெயினில் என்ன ஃப்யூஸ் இருக்கிறது என்பதையும் அவரே பார்த்துவிடுவார். 12 நம்பர் ராடு வரைக்கும் 16 ஆம்ப் பிளக் தாங்கும். 10 நம்பரில் 120 ஆம்ப் போனால் சுவரில் 20ஐத் தாண்டிவிடும், சாதா பிளக் உருகும்.

வயர் மாற்றினால் ஷெட் இழப்பு 8லிருந்து ஒன்றரை வோல்ட் ஆகும். தெரு இழப்பை நம்மால் ஒன்றும் பண்ண முடியாது. அதற்கு வோல்ட் குறைந்தாலும் ஓடுகிற மாடல் பாருங்கள், 160 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியே வருகிறது.

தேன்கனி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தேன்கனிக்கோட்டை. மூன்றும் ஒன்றான மெஷின் பற்றி யாரும் பேசவில்லையே? மிக் (ராடுக்குப் பதில் வயர் தானாக ஓடி வருவது) கற்றுக்கொள்வது சுலபம், துப்பாக்கி பிடித்து அழுத்தினால் போதும் என்கிறார்களே.

ஓசூர் ஷிப்ட்

சுலபம்தான். நான் வேலை பார்க்கிற இடத்தில் நாள் முழுக்க மிக்தான். புதுப் பையன்கள் ஒரு வாரத்தில் அழகாகக் கோடு போட்டுவிடுகிறார்கள். ஆனால் அது நாலு சுவருக்குள், சுத்தமான தகட்டில். மிக்கில் துப்பாக்கி வழியாக வருகிற கேஸ்தான் வெல்டைக் காற்று படாமல் மூடிக்கொண்டு நிற்க வேண்டும். தேன்கனிக்கோட்டைக் காற்றில் வெளியே நின்று அடித்துப் பாருங்கள், வெல்டு முழுக்க ஓட்டை ஓட்டையாகப் பணியாரம் மாதிரி வரும். கேஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் வயரும் உண்டு, விலை கூடுதல். அதுபோக சிலிண்டர் டெபாசிட், ரெகுலேட்டர், நிரப்ப அலைச்சல். துருப்பிடித்த பழைய ஆங்கிள், கொஞ்சம் பெயிண்ட், திறந்த வெளி, இதுதான் தோட்டத்து வேலை. அதற்கு ராடுதான் ஒத்துவரும். டிக் (டங்ஸ்டன் ஊசியும் கேஸும் வைத்து அடிப்பது) பற்றிப் பேசவே வேண்டாம்.

காரிமங்கலம் பட்டறை

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வயர் விஷயத்தில் ஓசூர் சொன்னது நூற்றுக்கு நூறு. என்னிடம் மெஷின் சரியில்லை என்று கொண்டுவருபவர்களில் பாதிப்பேருக்கு மெஷினில் ஒன்றும் இருக்காது. எர்த் கிளாம்ப் (அடிக்கிற இரும்பைக் கடிக்கும் கிளிப்) துரு மேல் கடித்திருக்கும், அல்லது கேபிள் முனையில் இருக்கும் லக் லூசாக இருக்கும்.

சரி, சிங்கிள் பேஸ்தான் என்றால் இன்வெர்ட்டரே வாங்கு தம்பி. ஆனால் அது நாசமாவது எதனால் தெரியுமா? கிரைண்டர் தூள். பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கிரைண்டர் பிடித்தால் காற்றாடி அந்த இரும்புத் தூளை எல்லாம் உள்ளே இழுத்துப் போர்டில் படிய வைக்கும். இன்னொன்று பல்லி. சூடான இடம் தேடி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், அடுத்த நாள் சுவிட்ச் போட்டால் பல்லியும் போச்சு, போர்டும் போச்சு. வேலை முடிந்ததும் சாக்கு போட்டு மூடாதே, ஆறியபிறகு பெட்டியில் வை. மாதம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியிலிருந்தே பிளோயர் அடி. மூடியைக் கழற்றாதே, பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும்.

ராடில் 6013 என்ற சாதா ரகத்தை வாங்கு. யார் சொன்னாலும் முதல் மாதம் 7018 பக்கம் போகாதே, அதை அடுப்பில் சூடேற்றி வைத்து அடிக்க வேண்டும், உனக்கு அது வேண்டாம். 12 நம்பர் இரண்டு பாக்கெட். அதில் ஒரு பாக்கெட் முழுக்கப் பழைய இரும்பில் எரித்துத் தீர். அப்புறம்தான் கேட்.

தீக்குச்சி கிழிக்கிற மாதிரி உரசு, பிடித்ததும் லேசாகத் தூக்கு. ரொம்பத் தூக்கினால் அணையும், அழுத்தினால் ஒட்டும். ராடு கனம் எவ்வளவோ அவ்வளவுதான் இடைவெளி. கண்ணை விடக் காதை நம்பு. எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வந்தால் சரி. படபடவென்று வெடித்தால் தூக்கிப் பிடிக்கிறாய். மொறுமொறுப்பு போய் அமுங்கிய சத்தம் என்றால் ஆம்ப் குறைவு.

மாந்தோப்பு

கண் பற்றி யாரும் சொல்லவில்லை. மெஷினில் ஐந்நூறு மிச்சம் பிடித்து ஹெல்மெட்டில் போடுங்கள். கையில் பிடிக்கிற சிவப்பு அட்டை வேண்டாம், ஆரம்பத்தில் இரண்டு கையும் தேவைப்படும். தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வாங்குங்கள், கறுப்பின் அளவை 10 அல்லது 11 நம்பரில் வைத்தால் நம் வேலைக்குச் சரி.

ஒரு தடவை "ஒரு பொட்டு வெல்டுதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணில் மணலை வாரிப் போட்ட மாதிரி எரிச்சல், தண்ணீராக ஊற்றுது. பாட்டி உருளைக்கிழங்கு நறுக்கி வைத்தாள், பக்கத்து வீட்டில் தாய்ப்பால் விடச் சொன்னார்கள். எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள், ஈரத்துணியை மூடிய கண் மேல் போட்டுக்கொண்டு விடிந்ததும் கண் டாக்டரிடம் போங்கள். பையன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் அவனுக்கும் இதேதான். ஆட்டுக்கும் உண்டு என்று நினைக்கிறேன், கட்டி வைத்துவிடுங்கள்.

ஜிஐ பைப்பில், அதாவது துத்தநாகப் பூச்சு போட்ட பைப்பில், அடிக்கும்போது வெள்ளைப் புகை வரும். அது துத்தநாகம். ராத்திரி குளிர் காய்ச்சல் மாதிரி ஆட்டும். அடிக்கிற இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று அடியுங்கள். டீசல், மருந்து இருந்த டிரம்மைக் கழுவிவிட்டோம் என்று நம்பி வெல்டு வைக்காதீர்கள், வெடிக்கும். டிராக்டரில் அடித்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, எர்த்தை அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்க விடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் போகும்.

ஊத்தங்கரை வெயில்

பாலியஸ்டர் சட்டையும் வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பழைய காக்கி, பருத்தி, கால் மூடிய செருப்பு.

தேன்கனி

இதையெல்லாம் எங்காவது போய் முறையாகக் கற்றுக்கொள்ள முடியுமா?

காரிமங்கலம் பட்டறை

அரசு ஐடிஐயில் வெல்டர் படிப்பு ஒரு வருடம். தர்மபுரியிலும் ஓசூரிலும் ஐடிஐ இருக்கிறது. பையன்களுக்கு நல்லது. கேட் அடிக்கிற விவசாயிக்கு ஒரு வருடம் எதற்கு? நாலு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது பட்டறையில் போய் நில்லுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், சொல்லித் தருவார்கள்.

மாந்தோப்பு

நம் ஆட்களுக்கு இரும்பு புதுசா என்ன? கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் தோண்டி எடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ல் சட்டமன்றத்திலேயே முதல்வர் அறிவித்தார். நாலாயிரம் வருட அனுபவம் இருக்கிறது, தக்காளிக்காரர் தைரியமாக இறங்கலாம்.

ஓசூர் ஷிப்ட்

அவர்களுக்கு லோ வோல்டேஜ் பிரச்சினை இல்லை.

தக்காளிக்காரன்

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், தக்காளி பறிப்பு இருந்தது.

கடையில் "400" மெஷின் தகட்டைப் பார்த்தேன். உள்ளே இழுப்பது 4.8 கேவிஏ, அதாவது மிஞ்சிப்போனால் 4,800 வாட், என்று எழுதியிருந்தது. ஓசூர் அண்ணா கணக்குப்படி 200 ஆம்புக்கே போதாது. கடைக்காரரிடம் காட்டினேன், "எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க சார்" என்றார். 200 ஆம்புக்கு 60 விழுக்காடு, 160 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியதை வேறு கடையில் எடுத்தேன், ஏழாயிரத்துச் சொச்சம். வயர், பைப், எம்சிபி எல்லாம் ஐந்தரை ஆயிரம். ஹெல்மெட், கையுறை, ராடு, சுத்தி சேர்த்து இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். கிரைண்டர் மச்சானுடையது.

வயர் மாற்றியபிறகு ஹீட்டர் சோதனையில் ஷெட்டில் 197. ராடு ஒரு பாக்கெட் பழைய ஆங்கிளில் தீர்த்துவிட்டேன். முதல் இருபது ராடு ஒட்டிக்கொண்டே இருந்தது, கையே வலித்தது. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அந்த அப்பளச் சத்தம் வந்தது அண்ணா. வெல்டு மேல் படிந்த கசடைத் தட்டினதும் முழுசாகப் பெயர்ந்து விழுந்தது, கீழே மீன் செதில் மாதிரி. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் ஆட்டுக்கொட்டகைக் கேட் மூடவே மாட்டேன் என்கிறது. நான்கு பக்கமும் மட்டம் வைத்துப் பார்த்துத்தான் அறுத்தேன். வெல்டு அடித்து முடித்து நிமிர்த்தினால் ஒரு மூலை கோணிக்கொண்டு நிற்கிறது.

காரிமங்கலம் பட்டறை

ஒரு மூலையை முழுக்க முடித்துவிட்டுத்தானே அடுத்த மூலைக்குப் போனாய்?

தக்காளிக்காரன்

ஆமாம்.

காரிமங்கலம் பட்டறை

அதான். வெல்டு ஆறும்போது இரும்பை இழுக்கும். முதலில் நாலு மூலையிலும் பொட்டு மட்டும் வை. டேப் எடுத்து மூலைக்கு மூலை குறுக்கே அள, இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். வரவில்லை என்றால் எந்தக் குறுக்களவு நீளமோ அந்த மூலையை மரக்கட்டை வைத்துத் தட்டு. சரியானபிறகு ஒரு மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அடி. 1.6 டியூபில் ஒரே மூச்சாக இழுக்காதே, ஓட்டை விழும். அரை இஞ்ச் அடி, நிறுத்து, சிவப்பு போகட்டும், மறுபடி அடி.

தக்காளிக்காரன்

குறுக்கே அளந்தேன். 14 மில்லி வித்தியாசம். மூன்று மூலையைக் கிரைண்டரில் அறுத்துவிட்டேன், மச்சான் வீல் இரண்டு காலி. இப்போது பொட்டு மட்டும் வைத்து அளவு ஒன்றாக வந்திருக்கிறது. மணி ஏழாகிவிட்டது, வோல்ட் இறங்கும் நேரம். மிச்சத்தைக் காலையில் அடிக்கிறேன்.